எக்ஸ் எதற்கு?
தொடக்க இயற்கணிதப் பாடம் குறித்து ஒரு வணிகனின் திறனாய்வு



நமது சங்கத்தின் மலருக்கு அடியேன் எழுதிக் கொடுப்பது வழக்கமாக ஏதாவது ஒரு பழைய நூலைப் பற்றியதாக இருக்கும். இம்முறை எடுத்துக்கொண்டது பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம். "நயினார், உங்களுக்கும் கணக்குக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று மலர்க்குழு நண்பர் கேட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் மும்பையில் மளிகைக் கடை நடத்தியவனுக்குக் கணக்கோடு சம்பந்தம் இல்லாமல் எப்படி? ஆனால் நான் எழுத வந்த காரணம் கடை இல்லை, என் பேத்தி.

ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். போன மாதம் ஒரு தேர்வுத்தாளைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டுவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். எடுத்துப் பார்த்தேன். ஒரு எண்ணை 3 ஆல் பெருக்கி 7 கூட்டினால் 40 வருகிறது, அந்த எண் என்ன என்பது கேள்வி. "11" என்று ஒரே வரியில் எழுதியிருந்தாள். விடை சரிதான். ஆனால் எக்ஸ் வைத்துப் படிப்படியாக எழுதவில்லை என்று சிவப்பு மையால் அடித்து, மதிப்பெண் சுழியம் போட்டிருந்தார்கள். "தாத்தா, நாற்பதுல ஏழு போனா முப்பத்து மூணு, அதை மூணால வகுத்தா பதினொண்ணு. இதுக்கு எக்ஸ் எதுக்கு? எனக்கு மேத்ஸ் வராது, விடுங்க" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. 1973-இல் வந்தவாசிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பில் இதே கேள்வியை வேறு விதமாக நான் கேட்டிருக்கிறேன். "எக்ஸுன்னா என்ன சார்?" என்றேன். பதிலுக்குக் கன்னத்தில் ஒன்று கிடைத்தது. அதற்குப் பிறகு கணக்கு வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. பதினோராம் வகுப்பில் கணக்கில் தவறி, 1978-இல் மாமா கடைக்குப் பம்பாய்க்கு ரயில் ஏறினேன். ஐம்பது வருஷம் கழித்து அதே கேள்வி என் பேத்தி வாயிலிருந்து வருகிறது என்றால், தப்பு குழந்தையிடம் இல்லை, பாடத்தைத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

எண்ணும் எழுத்தும்

எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்கள் என்று வள்ளுவர் வைத்தார். அந்த இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே பொருளைப் பார்க்கும் இடம் ஒன்று பள்ளிப் பாடத்தில் உண்டென்றால் அது இயற்கணிதம்தான். எண்ணின் இடத்தில் எழுத்து வந்து உட்காருகிறது. குழந்தை தடுமாறுவதும் அங்கேதான்.

ஏன் தடுமாறுகிறது? எழுத்து எண்ணோடு சேரும் வழி ஒன்றல்ல, மூன்று. அவற்றைப் பிரித்துச் சொல்வதில்லை.

முதல் வழி, எழுத்தே எண்ணாக நிற்பது. நம் தமிழ் எண்களைப் பாருங்கள். ஒன்றுக்குக் க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ, எட்டுக்கு அ, கால் என்னும் பின்னத்துக்கு வ. ஒளவையார் பாடியதாக வழங்கும் ஒரு தனிப்பாடலில் எட்டையும் காலையும் சேர்த்து 'அவ' என்று வசை வரும்படி வைத்திருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே அ என்றால் என்றைக்கும் எட்டுதான். மாறாது. வடமொழியில் கடபயாதி முறையும் இந்த இனம்தான்.

இரண்டாவது வழி, எழுத்து ஒரு பொருளின் சுருக்கமாக நிற்பது. கிலோவுக்குக் கி, லிட்டருக்கு லி, ரூபாய்க்கு ரூ. 5 கி என்றால் ஐந்து கிலோ. அங்கே கி என்பது எண்ணே இல்லை.

மூன்றாவது வழிதான் இயற்கணிதம். எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கிறது. ஆனால் எந்த எண் என்று இன்னும் தெரியாது, அல்லது எந்த எண்ணாகவும் இருக்கலாம்.

முதல் இரண்டும் குழந்தைக்கு ஏற்கெனவே பழக்கம். மூன்றாவதைச் சொல்லித் தரும்போது அது முதல் இரண்டில் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஏ-க்கு 1, பி-க்கு 2 என்று அகரவரிசைப்படி போட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. அது முதல் வழி. "3 ஏ என்றால் மூன்று ஆப்பிள், 2 பி என்றால் இரண்டு வாழைப்பழம்" என்று ஆசிரியரே சொல்லித் தருவதும் உண்டு. அது இரண்டாவது வழி. இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. ஆப்பிளும் வாழைப்பழமும் கூட்ட முடியாது என்று சொல்ல அது அந்த நேரத்துக்கு உதவும். பிறகு 3 ஏ-யை 2 பி-யால் பெருக்கு என்றால் குழந்தை எந்தப் பழத்தை எந்தப் பழத்தால் பெருக்கும்?

கடையில் நடப்பதையே சொல்கிறேன். ஒரு டஜனில் 12 முட்டை. டஜன்களின் எண்ணிக்கையை ட என்றும் முட்டைகளின் எண்ணிக்கையை மு என்றும் வைத்துக்கொண்டால் எப்படி எழுதுவீர்கள்? பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள், சிலராவது "ட = 12 மு" என்பார்கள். 'ஒரு டஜன் என்றால் 12 முட்டை' என்ற வாக்கியத்தை அப்படியே எழுத்தாக்கிவிட்டார்கள். சரியானது மு = 12 ட. மூன்று டஜன் என்றால் 36 முட்டை, பொருத்திப் பாருங்கள். இது பாமரர் பிழை என்று நினைக்க வேண்டாம். 1981-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் என்ற இதே போன்ற கணக்கை முதலாண்டுப் பொறியியல் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தவறாக எழுதினார்கள். விதை போடும்போதே நேர்ந்த கோளாறு மரமான பிறகும் தெரிகிறது.

புத்தகங்கள் எப்படித் தொடங்குகின்றன?

தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் நம் பிள்ளைகளில் பலர் படிப்பது என்.சி.இ.ஆர்.டி. புத்தகம். 2006-இல் வந்த ஆறாம் வகுப்புப் புத்தகம் தீக்குச்சியில் தொடங்கியது. அமீனாவும் சரிதாவும் குச்சிகளை வைத்து ஆங்கில 'எல்' எழுத்தைச் செய்கிறார்கள். ஒன்றுக்கு 2 குச்சி, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 6. எத்தனை எழுத்தானாலும் 2 பெருக்கல் என் என்று முடிகிறது. நல்ல எண்ணம்தான். கையால் செய்து பார்க்கலாம். ஆனால் ஒரு குறை சொல்லியாக வேண்டும். குச்சியால் கட்டுவதும் ஓர் எழுத்து, அதை எண்ணுவதற்கு வைப்பதும் ஓர் எழுத்து. முன்னது வடிவம், பின்னது எண். புதிதாக வரும் பிள்ளைக்கு இது வீண் குழப்பம். இன்னொன்று, அட்டவணையைப் பார்க்கும் குழந்தை மேலிருந்து கீழே பார்த்து "ரெண்டு ரெண்டா கூடுது" என்றுதான் சொல்லும். எண்ணிக்கைக்கும் குச்சிக்கும் இடையே குறுக்காகப் பார்க்காது. அப்படிப் பார்க்க வைப்பதில்தான் பாடமே இருக்கிறது. அதை ஆசிரியர் தலையில் விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு வந்த ஏழாம் வகுப்புப் புத்தகம் "மனத்தில் ஒரு எண்ணை நினை" என்ற விளையாட்டில் தொடங்கி, சமன்பாட்டைத் தராசாக விளக்கியது. இரண்டு தட்டிலும் ஒரே அளவைக் கூட்டினாலும் கழித்தாலும் முள் நடுவில் நிற்கும் என்று.

2024 முதல் 'கணித பிரகாஷ்' என்ற புதிய வரிசை வரத் தொடங்கியது. அதன் ஆறாம் வகுப்பில் இயற்கணிதத்துக்குத் தனிப் பாடம் இல்லை. 2025-இல் வந்த ஏழாம் வகுப்பில்தான் எழுத்து வருகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'லெட்டர் நம்பர்', தமிழில் எழுத்தெண் என்று சொல்லலாம். இந்தப் பெயரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மேலே சொன்ன மூன்று வழிக் குழப்பத்துக்கு இந்த ஒரு சொல்லே பாதி மருந்து. எழுத்து பழம் அல்ல, சுருக்கம் அல்ல, எண் என்று பெயரிலேயே சொல்லியாகிவிட்டது. தொடங்கும் உதாரணமும் நல்லது. ஷப்னத்துக்கு அஃப்தாபைவிட மூன்று வயது மூப்பு. அவன் வயது எதுவானாலும் இவள் வயது அதோடு 3. வருஷம் ஓடுகிறது, இரண்டு வயதும் மாறுகிறது, 3 மட்டும் மாறவில்லை. தமிழ்ப் பாடநூலில் 'மாறி', 'மாறிலி' என்கிறார்களே, அதன் பொருள் இதைவிடத் தெளிவாக விளங்காது.

ஆக, எழுத்து எண்தான் என்பதைப் புதிய புத்தகம் தீர்த்துவைத்தது. என் பேத்தியின் கேள்வி அது இல்லையே. எக்ஸ் *என்ன* என்று கேட்டவன் நான். அவள் கேட்டது, எக்ஸ் *எதற்கு*.

தடை கட்டின தராசு

தராசு உதாரணத்தைப் பற்றி ஒரு கடைக்காரன் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

பழைய நாளில் எண்ணெய் வாங்க வருகிறவர்கள் தூக்கோடு வருவார்கள். வெறும் தூக்கை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் சின்னப் படிக்கல்லோ நாலு புளியங்கொட்டையோ போட்டு முள்ளை நேரே நிறுத்துவோம். இதற்குத் 'தடை கட்டுவது' என்று பெயர். அப்புறம்தான் எண்ணெய் ஊற்றி நிறுப்பது. தடை கட்ட மறந்துவிட்டால்? தூக்கும் எண்ணெயும் சேர்ந்து 1350 கிராம், தூக்கு 350 கிராம் என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் 350-ஐ எடுத்துவிட்டால் எண்ணெய் 1000. வகுப்பில் "கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தலாகும்" என்று மந்திரம் மாதிரி சொல்லித் தருகிறார்களே, அது எதுவும் எந்தப் பக்கமும் *போவதில்லை*. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவை எடுக்கிறோம், அவ்வளவுதான். நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கே அடையாளம் மாறவில்லை, 350 மட்டும் எப்படிக் கோடு தாண்டினவுடன் குறி மாற்றிக்கொள்ளும் என்று கேட்கிற பிள்ளை புத்திசாலிப் பிள்ளை. அதைத் திட்டக் கூடாது.

ஆனால் இந்த உதாரணத்துக்கு இன்று இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, இன்றைய குழந்தை இருதட்டுத் தராசைக் கண்ணால் பார்த்ததே இல்லை. என் கடையிலேயே மின்னணுத் தராசு வந்து பல வருஷமாகிறது. ஒரு பொத்தானை அமுக்கினால் தடை தானாகக் கட்டிக்கொள்கிறது. தெரிந்ததை வைத்துத் தெரியாததை விளக்க வேண்டும். புத்தகம் தெரியாத தராசை வைத்துத் தெரியாத எக்ஸை விளக்குகிறது. வீட்டில் ஒரு துணி மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் இரண்டு பையைத் தொங்கவிட்டுக் காட்டினால் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது சங்கடம் அப்படித் தீராது. தட்டில் கடனை வைக்க முடியாது. குறை எண் வந்தவுடன் தராசு ஊமையாகிவிடும். அப்போது என்ன செய்வது? அதற்கு வணிகனிடம் இன்னொரு கருவி இருக்கிறது, பேரேடு. பற்றும் வரவும் அதில் தாராளமாக உட்காரும். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிராஹ்மஸ்புட சித்தாந்தத்தில் கூட்டல் எண்ணுக்குத் தனம் என்றும் கழித்தல் எண்ணுக்கு ருணம் என்றும்தான் பெயர் வைத்தார். செல்வம், கடன். கடையைப் பார்த்து வைத்த பெயர் மாதிரியே இருக்கிறது.

அரசர் வீட்டு மாம்பழம்

இனி நம் பழைய நூல்கள். சமணக் கணித ஆசிரியர் மகாவீராசாரியர் ஏறத்தாழ 850-இல், ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷ நிருபதுங்கர் காலத்தில், 'கணித ஸார சங்கிரகம்' என்ற நூலைச் செய்தார். அதை முதன்முதலில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேற்றியது நம் சென்னைதான். மாநிலக் கல்லூரிப் பேராசிரியராகவும் அரசுக் கீழ்த்திசைச் சுவடி நூலகக் காப்பாளராகவும் இருந்த எம். ரங்காசாரியார் 1912-இல் பதிப்பித்தார். அந்தப் பதிப்பின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, கடை மூடினபிறகு இரவில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான்.

நூலாசிரியர் நம்மவர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு புகழ மாட்டேன். ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அந்த எண்ணே மாறாமல் நிற்கும் என்று அவர் எழுதியது பிழை. விதியைச் சொல்வார், ஏன் என்று சொல்ல மாட்டார். காதலர் ஊடலில் அறுந்த முத்துமாலைக் கணக்கு ஒன்று உண்டு. கணக்குப் போட்டால் மாலையில் 1,48,608 முத்து வரும்! அதைக் கழுத்தில் போட்ட அம்மாள் எழுந்து நடந்திருக்க முடியாது. பேத்திக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். தேர்வுத்தாள் வந்த நாளிலிருந்து அவள் கணக்கைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

அதே நூலில் ஒரு மாம்பழக் கணக்கு இருக்கிறது. தொடக்கப் பாடத்துக்கு அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. விஷயம் இதுதான். ஒரு குவியல் மாம்பழம். அரசர் ஆறில் ஒரு பங்கு எடுத்தார். மீதியில் ஐந்தில் ஒரு பங்கு அரசி. அதன் பிறகு மீதியில் நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று, பாதி என்று மூன்று இளவரசர்கள் வரிசையாக எடுத்தார்கள். கடைக்குட்டிக்கு மிஞ்சியது மூன்று பழம். மொத்தம் எத்தனை?

"அய்யோ பாவம், கடைசிக் குழந்தைக்குத்தான் கம்மி" என்றாள் பேத்தி. பின்னாலிருந்து போகச் சொன்னேன். பாதி எடுத்தபின் மூன்று என்றால் அதற்கு முன் 6. மூன்றில் ஒரு பங்கு போய் 6 என்றால் முன்பு 9. அப்படியே 12, 15, 18. மொத்தம் 18. பிறகு திரும்பி யார் எவ்வளவு எடுத்தார் என்று பார்த்தாள். அரசருக்கு 3, அரசிக்கு 3, இளவரசர் மூவருக்கும் மும்மூன்று, குட்டிக்கும் 3. "எல்லாருக்கும் சமம் தாத்தா!" என்று கத்தினாள். ஆறில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று ஆளுக்கு ஒரு பின்னம் சொல்லி, முடிவில் எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கு வைத்த அழகை நான்கூட அதுவரை கவனிக்கவில்லை.

இன்னொரு வழியும் காட்டினேன். தெரியாத மொத்தத்துக்கு இஷ்டப்பட்ட ஓர் எண்ணை வைத்துக்கொள், 60 என்று வை. பங்கு போட்டால் ஒவ்வொருவருக்கும் 10 வந்து கடைசியில் 10 மிஞ்சும். மிஞ்ச வேண்டியது 3. ஆகவே 60-ஐப் பத்தில் மூன்றாகக் குறைத்தால் 18. பாஸ்கரர் லீலாவதியில் இதை இஷ்டகர்மம் என்பார். எகிப்தியர்கள் மூவாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் பாப்பிரஸில் எழுதிவைத்த கணக்குகளிலும் இந்த உத்தி இருக்கிறது. பொய்யான ஓர் எண்ணை வைத்து உண்மையைப் பிடிப்பது.

சரி, இத்தனையும் செய்தபிறகு எக்ஸ் வந்ததா? வரவில்லை. மாம்பழத்துக்கும் எக்ஸ் தேவைப்படவில்லை. இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

எழுத்து எப்போது வேண்டியிருக்கிறது?

தெரியாதது ஒரே பக்கத்தில் இருக்கும் வரைக்கும் பின்னோக்கி நடந்தே விடையைப் பிடித்துவிடலாம். 3 ஆல் பெருக்கி 7 கூட்டினால் 40 என்ற கணக்கு அந்த ரகம். அதற்கு எக்ஸ் போடச் சொல்வது, பக்கத்துத் தெருவுக்குப் போக டாக்ஸி பிடிக்கச் சொல்வது மாதிரி. குழந்தை நடந்தே போய்விட்டு வந்தால் அடிக்கிறோம்.

தெரியாதது இரண்டு பக்கத்திலும் வந்தால்தான் கால் நிற்கும். பாஸ்கரர் 1150-ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில் ஒரு குதிரைக் கணக்கு வைத்திருக்கிறார். ஒருவரிடம் 300 ரூபாயும் 6 குதிரையும். மற்றவரிடம் 10 குதிரை, ஆனால் 100 ரூபாய் கடன். இருவர் சொத்தும் சமம், குதிரைகள் எல்லாம் ஒரே விலை. ஒரு குதிரை என்ன விலை? இதைப் பின்னாலிருந்து பிடிக்க முடியாது, பின்னால் என்று ஓர் இடமே இல்லை. 60 என்று வைத்து விகிதத்தில் சரிசெய்யவும் முடியாது. ஒரு பக்கம் 660, மறு பக்கம் 500 என்று வந்து நிற்கும், எதை எதனால் பெருக்குவது?

இங்கே பாஸ்கரர் 'யாவத்-தாவத்' என்கிறார். எவ்வளவோ அவ்வளவு. அதன் முதலெழுத்து யா. யா என்பது குதிரை அல்ல, குதிரையின் விலையாகிய எண். இந்த வேறுபாட்டை அவர் கெட்டியாகப் பிடித்திருக்கிறார். தெரியாதது பல இருந்தால் காளகம், நீலகம், பீதகம், லோகிதகம் என்று கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு நிறங்களின் பெயரை வைப்பார். பழத்தின் பெயரோ மிருகத்தின் பெயரோ வைக்க மாட்டார். யாவத்-தாவத் என்ற சொல் அவருக்கும் வெகுகாலம் முந்தியது. ஸ்தானாங்க சூத்திரம் கணிதத்தின் பத்துப் பிரிவுகளைச் சொல்லும்போது அதையும் ஒன்றாக எண்ணுகிறது.

எழுதும் முறையைப் பாருங்கள்.

யா 6 ரூ 300
யா 10 ரூ 100 (100-இன் தலைமேல் ஒரு புள்ளி, கடன் என்பதற்கு அடையாளம்)

மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம். குதிரை குதிரைக்கு நேரே, காசு காசுக்கு நேரே. பேரேட்டுப் பத்தி என்பது வேறென்ன? இரண்டிலிருந்தும் 6 யா எடுத்தால் 300 ஒரு பக்கம், 4 யாவும் 100 கடனும் மறு பக்கம். இரண்டிலும் 100 கூட்டிக் கடனை அடைத்தால் 400-க்குச் சமம் 4 யா. விலை 100. சரிபார்ப்பு: 600-உம் 300-உம் 900, ஆயிரத்தில் நூறு போனால் 900.

பேத்திக்குக் குதிரையை மாற்றிப் பேனா ஆக்கினேன். "உன்கிட்ட ரெண்டு பேனாவும் 50 ரூபாயும். உன் தோழிகிட்ட அஞ்சு பேனா, ஆனா என்கிட்ட 40 ரூபாய் கடன். ரெண்டு பேர் கணக்கும் சமம்." அவள் எக்ஸ் போடவில்லை. விலை 10 என்று வைத்தாள், இங்கே 70, அங்கே 10, வித்தியாசம் 60. 20 என்று வைத்தாள், 90-உம் 60-உம், வித்தியாசம் 30. விலை 30, இரண்டும் 110, சமம். நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தவள், "வித்தியாசம் ஏன் முப்பது முப்பதா குறையுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, "அவகிட்ட மூணு பேனா அதிகம். அதான் பத்து ரூபாய்க்கு முப்பது!" என்றாள். அப்படியானால் பேனா விலையே இல்லாதபோது வித்தியாசம் என்ன என்றேன். 50-உம் கடன் 40-உம் சேர்ந்து 90. அந்தத் தொண்ணூறை மூன்றால் வகுத்தால் 30.

இது என்ன தெரியுமா? காசின் வித்தியாசத்தைப் பொருளின் வித்தியாசத்தால் வகு என்று 499-இல் ஆரியபடர் தம் நூலின் கணித பாதத்தில் வைத்திருக்கும் விதி. தெரியாததற்கு அவர் கொடுத்த பெயர் குளிகை. யாரும் சொல்லித் தராமல் ஒரு மும்பைக் குடியிருப்பில் ஏழாம் வகுப்புப் பெண் அதைக் கண்டுபிடித்தாள். "மேத்ஸ் வராது" என்று சொன்ன அதே பெண்.

அதன் பிறகு கடன் 40-ஐ 37 ஆக்கி, விலை இப்போது என்ன என்று கேட்டேன். மறுபடி பத்து, இருபது என்று போட அலுத்துக்கொண்டு, தானே ஓர் எழுத்தை வைத்து எழுதினாள். 29 வந்தது. எக்ஸ் எதற்கு என்று நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தேவை வந்தது, எழுத்து வந்தது.

மறுபக்கமும் உண்டு

ஆசிரியர் தரப்பையும் சொல்வது நியாயம். படிப்படியாக எழுது என்று அவர்கள் கேட்பது வம்புக்கு இல்லை. இன்று மனக்கணக்கில் முடிவது எட்டாம் வகுப்பில் முடியாது. பழக்கம் இப்போதே வர வேண்டும். நாற்பது பிள்ளை இருக்கும் வகுப்பில் ஒவ்வொருத்தர் மனத்தையும் எட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை. என் மறுப்பு இவ்வளவுதான்: படி எழுதச் சொன்னால், படி தேவைப்படும் கணக்கைக் கொடுங்கள். நடந்து போகிற தூரத்துக்கு நடந்தவளைத் தண்டிக்காதீர்கள்.

எழுத்து இல்லாமலே பெரிய கணிதம் நடந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 820-ஐ ஒட்டிப் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் இருக்கும் 'அல்-ஜபர்' என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயரே வந்தது. அந்த நூல் முழுக்க வாக்கியங்கள், குறியீடு ஒன்றும் கிடையாது. அதில் பெரும்பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்கு. தெரியாததற்கு எக்ஸ், ஒய், இசட் என்று வைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியது 1637-இல் வந்த டேக்கார்ட்டின் நூல். எட்டு நூற்றாண்டுக்கு மேல் மனிதகுலம் எடுத்துக்கொண்ட தூரத்தை ஒரு பாடவேளையில் தாண்டு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோம். கொஞ்சம் பொறுமை வேண்டாமா?

நமக்குள் ஒரு வேண்டுகோள்

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் இன்னொரு சிக்கல். பள்ளியில் அல்ஜீப்ரா. டியூஷன் அம்மா பீஜகணித் என்கிறார். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் இயற்கணிதம், இலங்கைப் புத்தகத்தில் அட்சரகணிதம். பெயரைக் கேட்டே தாத்தா பாட்டிகள் ஒதுங்கிக்கொள்கிறோம், "இங்கிலீஷ் கணக்கு எங்களுக்கு என்ன தெரியும்?" என்று. மொய் நோட்டு எழுதினவர்களுக்கும், சீட்டுக் கணக்குப் பார்த்தவர்களுக்கும், தடை கட்டி நிறுத்தவர்களுக்கும் இது தெரியாத விஷயமே இல்லை. நம் பாஷையில் நமக்குத் தெரியும். அதைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் கூச்சம்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்து சொல்லித் தருகிறோம். பாதி நேரம் போனபிறகு பிள்ளைகள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அதில் அரை மணி எண்ணுக்கும் ஒதுக்கலாம் என்பது அடியேனின் வேண்டுகோள். மாம்பழக் கணக்கைத் தமிழில் சொல்லுங்கள், குதிரைக் கணக்கைத் தமிழில் சொல்லுங்கள். விடை வந்தவுடன் 'எப்படிப் போட்டாய்?' என்று கேளுங்கள், அடிக்காமல் கேளுங்கள். ஒரு கண்ணை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடி வைப்பது வள்ளுவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

பேத்தியின் தேர்வுத்தாளில் சுழியம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றேன். "வேண்டாம் தாத்தா, அடுத்த பரீட்சையில எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். போகிறபோது திரும்பி, "எட்டாம் கிளாஸ்ல உங்களை அடிச்சாரே, அந்த சாருக்குப் பதில் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

வாழ்க தமிழ். வளர்க நம் பிள்ளைகள்.